சிட்டி வரும், மட் டேக்ஸ் போகும் என்றார்கள்: ஹூஸ்டன் பக்கம் புது வீடு பார்ப்பவர்கள் கவனத்துக்கு

2021-ல் நாங்கள் வாங்கிய வீட்டுக்குத் தபால் முகவரியில் ஊர்ப் பெயர் உண்டு. ஆனால் அந்த ஊருக்கு நாங்கள் யாருமில்லை. இது எந்த நகரத்தின் எல்லைக்குள்ளும் வராத கவுண்டி (மாவட்டம் மாதிரி) நிலம், அன்இன்கார்ப்பரேட்டட். மேயர் தேர்தலில் ஓட்டு கிடையாது, 911-ஐ அழைத்தால் வருவது கவுண்டி போலீஸான ஷெரிஃப் ஆபீஸ் ஆள். இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினோம். தெரியாமல் விழுந்த இடம் வேறு.

இந்த மாதிரி இடத்தில் தண்ணீர், சாக்கடை, மழைநீர் வடிகால் எல்லாவற்றையும் போடுவது முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட். சுருக்கமாக மட். (பேருக்கேற்ற சேறு என்று அப்போது தோன்றவில்லை.) டெவலப்பர் கைக்காசைப் போட்டுக் குழாய் பதிப்பார், பிறகு மட் பாண்ட் (கடன் பத்திரம்) விற்று அவருக்குத் திருப்பிக் கொடுக்கும், அந்தக் கடனை வீடு வாங்கியவர்கள் சொத்து வரியோடு சேர்த்து வருஷக்கணக்கில் அடைப்பார்கள். எங்கள் மட் வரி நூறு டாலர் மதிப்புக்கு 1.20 டாலர். வீட்டு மதிப்பு 4 லட்சம் என்றால் மட்டுக்கு மட்டும் வருஷம் 4,800.

மாடல் ஹோம் கிச்சனில் நின்றுகொண்டு இதைக் கேட்டேன். கேட்காமல் இல்லை. நம்மூர் ஏஜென்ட், அலட்டிக்கொள்ளவே இல்லை. "அண்ணா, ரெண்டே வருஷம். சிட்டி இந்த ஏரியாவ எடுத்துக்கும். எடுத்துட்டா மட் காலி, சிட்டி டேக்ஸ் அதுல பாதிதான்." பில்டரின் சேல்ஸ் அம்மாவும் தலையாட்டினார். என் மனைவி மட்டும் "எழுதித் தருவாரா?" என்று காதில் கேட்டாள். நான் முறைத்தேன். இன்றைக்கும் அந்த முறைப்பை எனக்கே நினைவுபடுத்துகிறாள்.

பச்சைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. காலாவதியான உண்மை. ஒரு காலத்தில் டெக்சஸ் நகரங்கள் பக்கத்துப் பகுதிகளைக் கேட்காமலே இணைத்துக்கொள்ள முடிந்தது. 1996-ல் ஹூஸ்டன் கிங்வுட்டைச் சேர்த்துக்கொண்டபோது அங்கிருந்தவர்கள் வழக்குப் போட்டும் பயனில்லை. ஆனால் 2019-ல் சட்டம் மாறிவிட்டது. இப்போது பெரும்பாலான இடங்களில் அங்கிருப்பவர்களின் சம்மதமோ வாக்கெடுப்போ இல்லாமல் நகரம் உள்ளே வர முடியாது. நான் வாங்கியதோ அதற்கு இரண்டு வருஷம் கழித்து.

இதை எனக்குச் சொன்னது மட் போர்டின் வக்கீல். கூட்டம் டவுன்டவுனில் அவர்கள் ஆபீசிலேயே, வேலைநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு. அரை நாள் லீவு போட்டுப் போனால், ஐந்து டைரக்டர்கள், சாண்ட்விச் தட்டு, பார்வையாளர் நாற்காலியில் நான் ஒருத்தன். சிட்டி எப்போது எடுக்கும் என்று கேட்டேன். வக்கீல் கோபப்படவில்லை, கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்த்தார். மட் டிஸ்ட்ரிக்டை எடுத்தால் அதன் கடனையும் நகரம்தான் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும், அடுத்த கட்ட வீடுகளுக்கான பாண்டே இன்னும் விற்கவில்லை, இதை எந்த நகரம் எடுக்கும் என்றார். அதற்கு மேல் ஒரு கூத்து. வாசல் முனையில் இருக்கும் கடைகளை மட்டும் ஒப்பந்தம் போட்டு நகரம் ஏற்கெனவே சேர்த்துக்கொண்டிருக்கிறது. விற்பனை வரியில் நகரத்துக்கு ஒரு பங்கு, மட்டுக்கு ஒரு பங்கு. பால் வாங்கினால் எங்களுக்கு நகரம் உண்டு, வீட்டுக்கு வந்தால் இல்லை.

இதைவிடப் பலமாக அடித்தது எஸ்க்ரோ, அதாவது வீட்டுக்கடன் தவணையோடு சொத்து வரிக்கும் மாதாமாதம் பிடித்து வைக்கும் கணக்கு. டெக்சஸில் சொத்து மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி. அன்றைக்கு எங்கள் இடத்தில் வெறும் மண்தான், அதனால் முதல் வருஷ வரி மனைக்கு மட்டும், இரண்டாயிரத்துக்கும் கீழே. கடன் கொடுத்தவர்கள் அதை வைத்தே மாதத் தவணை போட்டார்கள். அடுத்த பில் பன்னிரண்டாயிரம் சொச்சம். விட்டுப்போன பாக்கியும் புது வரியும் சேர்ந்து, மாதம் 1,700 டாலருக்கு மேல் கூடுகிறது என்று ஒரு கடிதம். அதை நான் இரண்டு முறை கவிழ்த்து வைத்துவிட்டு மூன்றாம் முறை படித்தேன்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. காண்ட்ராக்டுக்கு முன்பே மட் நோட்டீஸ் கையில் தர வேண்டும், தராவிட்டால் விலகிக்கொள்ளலாம். எனக்குத் தந்திருந்தார்கள். மகள் பிறந்தநாள் பார்ட்டியில் கேக் வெட்டும் நேரத்தில் போனில் வந்த நாற்பது பக்க ஈ-சைன் கட்டில் ஒரு பக்கமாக. "சைன் ஹியர்" மஞ்சள் பட்டனை அமுக்கிக்கொண்டே போனேன்.

அந்த ஒரு பக்கத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். வரி விகிதத்தோடு நிற்காமல், எவ்வளவு பாண்டுக்கு அனுமதி, இதுவரை எவ்வளவு விற்றிருக்கிறார்கள் என்ற இரண்டு எண்களையும் பாருங்கள். இடையில் பெரிய பள்ளம் இருந்தால் இன்னும் கடன் வரப்போகிறது. எஸ்க்ரோவைக் கட்டி முடித்த வீட்டின் முழு மதிப்புக்குப் போடச் சொல்லி லெண்டரிடம் எழுத்தில் கேளுங்கள். சிட்டி வரும் என்று யார் சொன்னாலும், எந்தத் தேதியில் கவுன்சில் தீர்மானம் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு கிச்சன் கிரானைட் பக்கம் திரும்பும்.

எங்கள் சப்டிவிஷன் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: ஐந்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் போர்டு கூட்டத்தை நம் பகுதிக்கே கொண்டுவரச் சொல்ல சட்டத்தில் வழி இருக்கிறது. மூன்று கையெழுத்து ஆகிவிட்டது.