ஆந்தமா, கீர்த்தனையா, பாமாலையா: வருஷம் முழுக்க கொயருக்கு எது தாங்கும்?

சபைக் கொயர், அதாவது பாடகர் குழு, பாடுவதில் மூன்று வகை: கொயர் மட்டும் பாடும் பெரிய ஆங்கிலப் பாட்டு ஆந்தம், ராகத்தில் பாடும் தமிழ்ப் பாட்டு கீர்த்தனை, மேற்கத்திய மெட்டில் சபையும் சேர்ந்து பாடும் தமிழ்ப் பாட்டு பாமாலை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பாமாலைக் கட்சி. எங்கள் கொயரில் பாமாலையை நாலு பார்ட்டில் (பெண்களுக்கு சொப்ரானோ, ஆல்ட்டோ, ஆண்களுக்கு டெனர், பேஸ்) பாடுவதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டு, ஆந்தத்தை வருஷத்துக்கு ஒன்று என்று குறைத்த பிறகுதான் இதை எழுதுகிறேன், அதனால் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். எங்களுடையது சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. சனிக்கிழமை சாயங்காலம் பிராக்டிஸ், பைப் ஆர்கன் கிடையாது, கீபோர்டுதான்.

காதுக்கு எது இனிமை என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஒழுங்காகப் பாடினால் மூன்றுமே இனிமைதான். பதிவுசெய்த டிராக் போட்டுப் பாடும் புதுப் பாடல்களை இதில் சேர்க்கவில்லை, அதற்கு மைக் பிடிக்க நாலு பேர் போதும்.

ஆந்தத்தின் கவர்ச்சி எல்லோருக்கும் தெரிந்ததே. ஹேண்டலின் மெசாயா என்ற நீண்ட இசைப்படைப்பில் வரும் அல்லேலூயா கோரஸை எடுத்தால் சபையே எழுந்து நிற்கும். 'கிங் ஆஃப் கிங்ஸ்' வரும் இடத்தில் சொப்ரானோ ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்து ஒவ்வொரு படியாக மேலே ஏற, மற்ற மூன்று பார்ட்டும் கீழேயிருந்து அல்லேலூயாவை அடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஒரு இடத்துக்காகவே கொயரில் சேர்ந்தவர்கள் உண்டு. (நாம் அதைக் கிறிஸ்துமஸுக்கும் பாடிவிடுகிறோம், ஆனால் மெசாயாவில் அது வருவது இயேசுவின் பாடுகளும் உயிர்த்தெழுதலும் முடிந்த பிறகு, இரண்டாம் பாகத்தின் கடைசியில். நியாயமாகப் பார்த்தால் ஈஸ்டர் பாட்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து வாரங்களுக்கு அதே மெசாயாவில் ஏசாயா 40:5ஐ வைத்து ஆல்ட்டோ தொடங்கிவைக்கும் கோரஸ் ஒன்று இருக்கிறது, எங்கள் பக்கம் அதைக் கேட்பதே அபூர்வம்.) ஈஸ்டருக்கு முந்தைய லெந்து (தவக்கால) நாட்களுக்கு ஸ்டெய்னரின் குருசிஃபிக்ஷன் இருக்கிறது, 1887இல் வந்தது, சாதாரண சபைக் கொயர்களை மனதில் வைத்தே எழுதியது. இரண்டுக்கும் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் பிரதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புது ஆந்தம் என்றால் பிரதிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்க வேண்டும்.

எல்லாம் சரி, டெனர் எங்கே?

இதுதான் விஷயமே. சொப்ரானோவும் ஆல்ட்டோவும் பெரும்பாலும் ஊரிலேயே இருக்கும் அக்காமார்கள், டீச்சர்கள். டெனரும் பேஸும் வயசுப் பையன்கள். ஜூன் வந்தால் ஒருவன் படிக்கப் போவான், இன்னொருவனுக்கு பெங்களூரில் வேலை கிடைக்கும், நன்றாகப் பாடுகிற ஒருவர் துபாய்க்கு விசா வந்துவிட்டது என்று இனிப்போடு வந்து நிற்பார். ஆந்தத்தில் டெனர் தனியாக நுழையும் இடங்கள் இருக்கும். அங்கே ஆள் இல்லையென்றால் கீபோர்டில் வாசித்து மூடினாலும் ஓட்டை ஓட்டைதான். மாதக்கணக்கில் உழைத்தது சில நிமிஷத்தில் முடிந்துபோய், அடுத்த வருஷம் பாதி ஆள் மாறியிருக்க, மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

பாமாலையில் அந்தக் கவலை பாதி குறையும். மெட்டு சபைக்கே தெரியும் என்பதால் டெனர் வராத ஞாயிறிலும் பாட்டு விழாது, கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான். புதிதாக வந்த பையனைப் பழைய டெனருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் கடைசிக் கவி (சரணம்) வருவதற்குள் முக்கால்வாசி பிடித்துவிடுவான், ஒவ்வொரு கவிக்கும் அதே சுரங்கள்தானே திரும்ப வருகின்றன. மீதிக்கு, ஒவ்வொரு பார்ட்டையும் கீபோர்டில் தனியாக வாசித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு, பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஒரே அசை அளவுள்ள பாட்டுகளுக்கு மெட்டை மாற்றிப் போடலாம். வில்லியம் கிராஃப்டின் 'செயின்ட் ஆன்' 8.6.8.6 அளவு, அதாவது வரிக்கு வரி 8, 6, 8, 6 அசை. அதன் நாலு பார்ட்டையும் ஒரு முறை ஊறவைத்துவிட்டால் அதே அளவுள்ள வேறு பாட்டுகளையும் எடுக்கலாம், பார்ட் புதிதாகப் பழக வேண்டியதில்லை, வார்த்தை மட்டும் மாறும். ஆனால் கிறிஸ்துமஸ் பாட்டான 'இராக்காலம் பெத்லேம்' மெட்டும் அதே அளவுதான் என்று அதை லெந்தில் கொண்டுவந்து போட்டுவிடாதீர்கள், சபை சிரிக்கும்.

சபை வருஷத்தைப் பாருங்கள். கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, ஈஸ்டர் என்று நாம் உயிரை விடுகிற நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஈஸ்டருக்குப் பின் வரும் பெந்தெகொஸ்தே முடிந்து அடுத்த அட்வெந்து வரைக்கும் ஏறக்குறைய அரை வருஷம் சாதாரண ஞாயிறுகளுக்கான பச்சை விரிப்புதான். அந்த ஞாயிறுகளில் கொயர் என்ன பாடுகிறது என்பதுதான் என் அளவுகோல். அங்கே ஆந்தம் தாக்குப்பிடிக்காது. அந்தப் பருவத்தின் வாசலில் வரும் திரித்துவ ஞாயிறுக்கு 'தூய தூய தூயா' இருக்கிறதே. ஆங்கில மூலத்தை அந்த ஞாயிறுக்கென்றே எழுதியவர் பிஷப் ஹீபர், 1826இல் அவர் காலமானது நம் திருச்சியில். இசையமைப்பாளர் டைக்ஸ் 1861இல் போட்ட மெட்டு டோ டோ மீ மீ சோ சோ என்று நேராக ஏறும், நாலு பார்ட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கும், யாரும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை. முதல் கவி எல்லோரும் ஒரே குரலில், இரண்டாவது பெண்கள் மட்டும், மூன்றாவது வாத்தியம் இல்லாமல், கடைசிக் கவிக்கு இரண்டு சொப்ரானோ மேலே டெஸ்கன்ட் (மெட்டுக்கு மேல் தனி மெட்டு). இதற்கு ஒரு சனிக்கிழமை போதும், அடுத்த வருஷம் அரை மணி நேரம் போதும்.

கீர்த்தனைக்கு வருகிறேன். அதற்கு டெனர் பிரச்சினையே இல்லை, எல்லோரும் ஒரே மெட்டு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து வரும் சொத்து, அதற்கு ஈடு பாமாலையில் கிடையாது. பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு நடுவில் 'ஏன் இந்தப் பாடுதான்' பாடும்போது நாலு பார்ட்டை யாரும் தேடுவதில்லை. ஆனால் ராகம் பிடித்து முன்னால் பாட ஒருவர் வேண்டும். அவர் இல்லாமல் கொயர் மட்டும் பாடினால் சுரங்களை அசைத்துப் பாடும் கமகமெல்லாம் வழித்துப்போய் வெறும் சுரம் நிற்கும். அதற்கு நாலு பார்ட் வேறு போட்டால் இன்னும் மோசம். எங்களிடம் மிருதங்கக்காரர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வயலின், மிருதங்கம் என்று நிரந்தரமாக வைத்திருக்கும் சபைகளில் நிலைமை வேறாக இருக்கலாம், அங்கே நான் பாடியதில்லை. ஆகவே லெந்துக்கும் பெரிய வெள்ளிக்கும் கீர்த்தனை, மற்ற நாளில் எப்போதாவது.

மிச்சம் வைத்திருக்கும் அந்த ஒரு ஆந்தத்தை ஈஸ்டருக்குப் போட்டுவிட்டோம். பெரிய வெள்ளிக்கென்று பழகினால் அதை அன்றோடு மூடிவைக்க வேண்டியிருக்கும். ஈஸ்டர் காலம் பெந்தெகொஸ்தே வரை 50 நாள் ஓடுவதால் அதே ஆந்தத்தை இன்னொரு ஞாயிறும் பாடலாம், ஜூன் பிறந்து பையன்கள் கிளம்புவதற்குள்.