பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 'பெஸ்ட் பிளேயர்' கப் வேண்டுமா?

வடசென்னையில் ஒரு கோடை விடுமுறை கால்பந்து டோர்னமென்ட். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர், பக்கத்துக்கு ஏழு பேர். பெஸ்ட் பிளேயருக்கு சைக்கிள் என்று காலையிலேயே மைக்கில் சொல்லிவிட்டார்கள். சொன்னதோடு நிற்காமல், பந்தல் கம்பத்தில் சாய்த்து, சிவப்பு ரிப்பன் கட்டி, ஆடுகிற பிள்ளைகள் கண்ணில் படும்படி நிறுத்தியும் வைத்தார்கள்.

முதல் மேட்ச்சில், நான் கோச்சாக இருக்கும் எங்கள் அணிப் பையன்கள் மூன்று கோல் போட்டார்கள். மூன்றுமே நல்ல பாஸில் வந்தவை. மதியம் அரையிறுதியில் எங்கள் ஃபார்வர்டு பையனை இரண்டு பேர் மறித்து நிற்கிறார்கள். இடது பக்கம் கூட்டாளி ஆளில்லாத இடத்தில் கை தூக்கிக் கத்துகிறான். இவன் பார்த்தான், கொடுக்கவில்லை, தானே அடித்தான். அப்படி மூன்று முறை. தோற்றோம். வேனில் திரும்பும்போது அவனிடம் யாரும் பேசவில்லை, அவனும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் சைக்கிள் இல்லாத பிள்ளையின் முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு 'எல்லாரும் சேர்ந்து ஆடுங்கடா' என்று சொன்னது பெரியவர்களாகிய நாங்கள்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசன் முடிவிலும் எங்கள் கோச்சுகளுக்குள் இந்தப் பேச்சு வருகிறது. தனி ஆளுக்குப் பரிசு கொடுப்பதா, எல்லாருக்கும் மெடல் போடுவதா, அணிக்கு மட்டும் கப் கொடுத்து நிறுத்திக்கொள்வதா, இல்லை வேறு வழி உண்டா? எல்லாவற்றையும் ஒவ்வொரு சமயத்தில் செய்து பார்த்திருக்கிறோம்.

முதலில் தனிப் பரிசின் பக்கம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் அதில் உண்மையான ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் மேடையில் கை தட்டியதில்லை. மார்க் ஷீட்டில் சிவப்புக் கோடு பார்த்தே பழகியவர்கள். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு கப்போடு தெருவுக்குள் நுழைந்தால், 'பந்து சோறு போடுமா' என்று கேட்ட அதே அப்பா அதை டிவிக்குப் பக்கத்தில் வைக்கிறார். மறுநாள் பயிற்சிக்குப் போக அனுமதி கிடைக்கிறது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் பெரிது. வயதுக்கு வந்ததும் ஆட்டத்தை நிறுத்தப் பார்க்கிற வீட்டில் அந்தக் கப் இன்னும் ஒரு வருடம் ஆட அவகாசம் வாங்கிக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே பரிசே கெட்டது என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்தப் பரிசு யாருக்குப் போகிறது? அங்கேதான் கோணல்.

கோல் போட்டவன்தான் பெரியவர்கள் கண்ணுக்குத் தெரிகிறான். பிள்ளைகள் ஆட்டத்தில் மட்டுமா இப்படி? உலகின் பெரிய தனிப் பரிசான பாலன் தோர் 1956 முதல் கொடுக்கப்படுகிறது. அதை வாங்கிய ஒரே கோல்கீப்பர் சோவியத் யூனியனின் லெவ் யாஷின், அதுவும் 1963இல். வருடம் முழுக்க ஆட்டம் பார்ப்பதே வேலையாக உள்ளவர்கள் ஓட்டுப் போட்டும் இப்படி என்றால், ஞாயிற்றுக்கிழமை மேடையில் நாலு மேட்ச் பார்த்த சிறப்பு விருந்தினர் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் எங்கள் ஸ்டாப்பரையோ கீப்பரையோ கவனிப்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது? ஒரு வருடம் டாப் ஸ்கோரருக்கு மட்டும் பரிசு வைத்தோம். அடுத்த ஜூனில் டிஃபென்ஸில் நிற்க ஆள் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

டாப் ஸ்கோரர் பரிசில் தகராறுக்கு இடமில்லை, எண்ணினால் போதும் என்பார்கள். எண்ணிக்கை என்ன சொல்கிறது என்பதற்கு 2019இல் போலந்தில் நடந்த இருபது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையைப் பாருங்கள். நார்வேயின் எர்லிங் ஹாலண்ட் ஹோண்டுராஸுக்கு எதிரான ஒரே மேட்ச்சில் 9 கோல் அடித்தார். நார்வே 12-0 என்று வென்றது. மற்ற இரண்டு மேட்ச்சிலும் தோற்று முதல் சுற்றோடு வெளியேறியது. அதிகக் கோல் போட்டவருக்கான தங்கக் காலணி ஹாலண்டுக்கே. அவர் திறமையில் யாருக்கும் ஐயமில்லை, பின்னால் அவர் எங்கே போனார் என்று உலகத்துக்கே தெரியும். ஆனால் அந்தத் தங்கக் காலணி அவர் அணியின் கதையைச் சொல்லவில்லை.

அடுத்தது வயது. ஜனவரி 1ஐக் கெடுவாக வைத்துப் பிரிவு பிரிக்கிறோம். ஜனவரியில் பிறந்த பையனும் அதே வருடம் டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். பத்து வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்பது உயரத்தில், காலின் வலுவில், ஓட்டத்தில் பளிச்சென்று தெரியும். பல நாட்டு இளையோர் அணிகளில் வருட முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்பது கால்பந்து உலகம் நன்றாக அறிந்த விஷயம். எங்கள் அலமாரியில் உள்ள பெஸ்ட் பிளேயர் லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் அந்தந்த வருடத்தில் ஆள் வளர்ந்த பிள்ளைகள். சீக்கிரம் வளர்ந்ததற்கு மெடல் போட்டிருக்கிறோம். நெட்டையானவன் பதினைந்து வயதில் மற்றவர்கள் தன் உயரத்துக்கு வந்ததும் தடுமாறுகிறான். குட்டையானவன் அதற்குள் ஆட்டத்தையே விட்டிருப்பான். இரண்டு பேரையும் இழந்திருக்கிறோம்.

ஃபிஃபா பரிசே அப்படி ஒன்றும் ஜாதகம் கணித்துவிடவில்லை. பதினேழு வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை 2017இல் நம் நாட்டில் நடந்தபோது சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து வாங்கிய இங்கிலாந்தின் ஃபில் ஃபோடன் பெரிய ஆட்டக்காரர் ஆனார். அதே பரிசை 1989இல், அந்தப் போட்டி பதினாறு வயதுப் பிரிவாக இருந்தபோது வாங்கிய ஸ்காட்லாந்து கீப்பர் ஜேம்ஸ் வில் பின்னாளில் போலீஸ் வேலைக்குப் போனார். நல்ல வேலை, நல்ல வாழ்க்கை. ஆனால் பத்து வயதில் கப் வாங்கிய பிள்ளையின் தலையில் 'இவன் இந்தியாவுக்கு ஆடுவான்' என்று பாரம் ஏற்றுகிற பெற்றோருக்கு இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சரி, எல்லாருக்கும் மெடல்? இந்த விஷயத்தில் நார்வேக்காரர்கள்தான் அதிகம் யோசித்தவர்கள். அங்கே குழந்தைகள் விளையாட்டுக்கென்று 1987 முதலே தனி விதிகள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குப் பாயின்ட் அட்டவணை வேண்டாம், பரிசு கொடுப்பதென்றால் எல்லாருக்கும் கொடு என்பதே அவற்றின் சாரம். ஹாலண்ட் அந்த ஏற்பாட்டில் வளர்ந்தவர்தான். அதனால்தான் அவர் பெரிய ஆளானார் என்று சொல்லமாட்டேன். பரிசு இல்லாவிட்டால் பிள்ளை மழுங்கிவிடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை என்று மட்டும் சொல்வேன்.

ஆனாலும் எல்லாருக்கும் மெடல் என்பது எங்களிடம் சரியாக எடுபடவில்லை. ஏழு வயது வரை சந்தோஷமாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். பத்து வயதில், 'எல்லாருக்கும்தான் கொடுத்தீங்களே அண்ணா' என்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியும். அணிக்கு மட்டும் ஒரு கப் என்பது இதைவிட நேர்மையானது. ஆனால் வாயே திறக்காத, ஓரத்திலேயே நிற்கிற பிள்ளைக்கு அது எதையும் தருவதில்லை.

வாராவாரம் 'மேன் ஆஃப் த மேட்ச்' கொடுப்பதும் ஏறக்குறைய அந்தத் தனி ஆள் பரிசுதான், சின்ன அளவில். முறை வைத்துக் கொடுக்கிறோம் என்பதை மூன்றாம் வாரமே கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் மனதை மாற்றியது ஒரு பழைய ஆய்வு. 1973இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் நர்சரிப் பிள்ளைகளிடம் செய்தது. ஸ்கெட்ச் பேனாவால் படம் போடுவதில் ஏற்கெனவே பிரியம் உள்ள பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்திடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் கழித்து, விருப்பம்போல் விளையாடும் நேரத்தில் கவனித்தால், முன்கூட்டியே ஆசை காட்டப்பட்டவர்கள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. அந்தச் சான்றிதழில் எழுதியிருந்த வார்த்தை 'குட் பிளேயர்'. படித்ததும் எனக்கு அந்த ரிப்பன் கட்டிய சைக்கிள்தான் கண் முன்னால் வந்தது. நாலு வயதுப் பிள்ளையின் ஓவியமும் கால்பந்தும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் பரிசு கொடுப்பதும் பரிசைக் காட்டி ஆட வைப்பதும் வேறு வேறு என்பதை அதற்குமுன் நான் பிரித்துப் பார்த்ததே இல்லை.

அதனால் பன்னிரண்டு வயதுக்குள் நாங்கள் இப்போது செய்வது இதுதான். பயிற்சி முடிந்து தண்ணீர் குடிக்கும் நேரத்தில் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவன் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறோம். 'இன்னிக்கு ரைட் பேக் பந்து போனதும் நிக்கல, திரும்பி ஓடி வந்தான், அதுல ஒரு கோல் தப்பிச்சுது.' அவ்வளவுதான். எந்த வாரம், யாருக்கு என்று யாருக்கும் தெரியாது, எங்களுக்கே முன்னால் தெரியாது. சில வாரம் யாருக்கும் இல்லை. அதை ஒரு சீட்டில் எழுதி அந்தப் பிள்ளையிடம் கொடுக்கிறோம், வீட்டில் காட்டட்டும் என்று. கப் செய்த வேலையைச் சீட்டு முழுதாகச் செய்யாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தன் மகன் என்ன செய்தான் என்று கேட்டு ஒரு அம்மா மைதானத்துக்கு வந்தார்கள். கப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை.

பதினான்குக்கு மேல் பேச்சு வேறு. அந்த வயதில் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று பிள்ளைகளே தெரிந்துகொள்ள நினைக்கிறார்கள், மறைப்பதில் பயனில்லை. அவர்களுக்கு வருடம் ஒரு தனிப் பரிசு உண்டு, தேர்ந்தெடுப்பது அணிதான். சீட்டில் ஒரே கேள்வி: யார் பக்கத்தில் ஆடினால் உனக்கு ஆட்டம் சுலபமாக இருக்கிறது? தன் பெயர் எழுதக் கூடாது. நெருங்கிய நண்பனுக்கே ஓட்டுப் போடுவார்கள் என்று பயந்தேன், கொஞ்சம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் முதல் வருடம் வென்றது எங்கள் ஸ்டாப்பர். கோச்சுகள் நாங்கள் மூவரும் நினைத்து வைத்திருந்த பெயர் அதுவல்ல.

சான்றிதழ் வேண்டும், பின்னால் உதவும் என்று பெற்றோர் கேட்பது நியாயம். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு, கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு. அங்கே பார்ப்பது அங்கீகாரம் பெற்ற போட்டியில் ஆடியதையும் அணி வாங்கிய இடத்தையும்தான். ஏரியா டோர்னமென்ட்டின் பெஸ்ட் பிளேயர் கப் அந்தக் கணக்கில் வராது. அதாவது, தன் மகனின் சான்றிதழுக்காகவே ஒரு தகப்பன் 'பாஸ் கொடுடா' என்றுதான் சொல்ல வேண்டும்.

சைக்கிள் கொடுத்த கடைக்காரரிடம் போன வருடம் பேசிப் பார்த்தேன். அந்த விலைக்கு, சின்னப் பிள்ளைகள் ஆடுகிற நாலாம் நம்பர் பந்து ஏழெட்டு வருமே அண்ணாச்சி, வந்த ஒவ்வொரு அணிக்கும் ஒன்று கொடுக்கலாமே என்றேன். 'என் கடைப் பேரு எங்கே தெரியும்?' என்று கேட்டார். பந்திலேயே எழுதிவிடலாம் என்றேன். வாங்கிக் கொடுத்தார். எங்கள் மைதானம் மண்ணும் கல்லும். பத்து நாளில் எழுத்து தேய்ந்துவிடுகிறது. பிள்ளைகளே மார்க்கர் எடுத்துத் திரும்பத் திரும்ப அவர் கடைப் பெயரை எழுதிவிட்டு ஆட இறங்குகிறார்கள்.