ஞாயிறு காலை ரொட்டி: ஹட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடை

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், படியேறி மேல்மாடிக்குப் போக வேண்டிய ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. முதலாளி அண்ணன் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், காரணம் பிறகு வரும்.

முதலில் சாப்பாடு. காலை ஐந்தரைக்குத் திறக்கிறார்கள். தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி ஒன்று 50 ரூபா, கட்டைச் சம்பல் அதோடு சேர்த்தி, பரிப்பு வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும். ஓரம் கருகாமல், நடுவில் மாவாகவும் இல்லாமல் ரொட்டி சுடுவது சின்ன வேலை இல்லை. இங்கே அடுப்படியில் நிற்கும் அக்காவுக்கு அது ஒரு நாளும் பிசகி நான் பார்த்ததில்லை. சம்பலில் மாசி தாராளமாக இருக்கும், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் வெங்காயச் சம்பல் தருவார்கள். பிளேன்டி 40, பால் தேத்தண்ணி 100. தூள் நல்ல தூள். கொழுந்து பறித்த வீட்டில் வளர்ந்தவள் சொல்கிறேன், நம்பலாம். பகல் சோறு 300 ரூபா: போஞ்சி, கோவா வறை, கிழங்குப் பிரட்டல், ஒரு கீரை, பப்படம். போஞ்சியைக் குழைய விடாமல் இறக்குகிறார்கள்.

இதோடு நிறுத்தினால் வழக்கமான ஒரு கடை விமர்சனம் முடிந்துவிடும். ஆனால் இந்தக் கடை எனக்குச் செய்தது வேறு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரு சபையில் சேர்ந்தோம். எந்தச் சபை என்று எழுதப் போவதில்லை. மிகவும் கண்டிப்பான சபை என்பது மட்டும் போதும். பூ இல்லை, பொட்டு இல்லை, கம்மல் இல்லை, காமன் கூத்துப் பார்க்கக் கூடாது, சபைக்கு வெளியே இருப்பவர்கள் எல்லோரும் 'உலகத்தார்'. அதிலும் பெரிய சட்டம் சாப்பாட்டுச் சட்டம். விக்கிரகத்துக்குப் படைத்ததை வாயில் வைக்கக் கூடாது. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா தைப்பொங்கலுக்குத் தூக்குவாளியில் பொங்கல் கொண்டு வருவார். அம்மா சிரித்த முகத்தோடு வாங்குவார், அவர் போனதும் தண்ணீர்ப் பீலிக்கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார். அரிசிக்குக் கணக்குப் பார்த்த வீடு எங்களுடையது. சோறும் பருப்பும் வெல்லமும் தண்ணீரோடு ஓடுவதை நானும் தம்பியும் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்தப் பெரியம்மாவின் கை அசுத்தம் என்று யாரும் எங்களுக்கு வாயால் சொன்னதில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை.

2021இல் தோட்டச் சம்பளம் ஒரு நாளைக்கு 1000 ரூபாவாக வந்தது. அம்மா 100 ரூபாவைத் தசமபாகத்துக்கு, அதாவது சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்குக்கு, எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியைத் தொடுவார். அடுத்த வருடம் நாடே படுத்துப்போய், மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசை நின்று, லயத்தில் பல வீடுகளில் ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்தபோதும் அந்த நூறு குறையவில்லை. அப்போதுதான் எனக்கு உள்ளுக்குள் முதல் கேள்வி வந்தது, ஆனால் வெளியே சொல்லவில்லை.

அதே வருடம் என் அம்மாயி இறந்தார். அவர் கடைசி வரைக்கும் மாரியம்மனைக் கும்பிட்டவர். பதினாறாம் நாள் கருமாதிக்குப் போனேன், இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர், எப்படிச் சாப்பிடாமல் வருவது? யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் எல்லோருக்கும் முன்னால் என் பெயரை வாசித்தார்கள். ஆறு மாதம் கடைசி வாங்கு, திருவிருந்து இல்லை, விசுவாசிகள் என்னோடு பேசக் கூடாது. என்னோடு ஒரே வருடத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள், என் பிள்ளை பிறந்தபோது இரவெல்லாம் கூட இருந்தவர்கள், வாசலில் என்னைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்று ஞாயிறு அப்படி உட்கார்ந்தேன். நாலாவது ஞாயிறு, அம்மா சந்தேகப்படக் கூடாது என்பதற்காக வேதாகமத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டு, சபைக்குப் போகாமல் ஹட்டன் பஸ் ஏறினேன்.

மழை பெய்துகொண்டிருந்தது, கண்ணில் பட்ட படியில் ஏறினேன். அதுதான் இந்தக் கடை.

மணி ஒன்பது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஞாயிறு ஒன்பது மணிக்கு நான் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவள். ரொட்டியைப் பிய்க்கும்போது கை நடுங்கியது. நெற்றி நிறைய விபூதியோடு முதலாளி வந்து, "என்னா தங்கச்சி, குளிருதா?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்றேன். அடுப்புப் பக்கத்து மேசைக்கு என்னை மாற்றினார். மேசை ஈரமாக இருந்தது. என் வேதாகமத்தை இரண்டு கையாலும் எடுத்து, மேசையைத் துடைத்து, பழைய பேப்பர் ஒன்றை விரித்து அதன்மேல் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பேப்பரைத்தான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர் உலகத்தார், விக்கிரகக்காரர், இவர் கையால் சாப்பிடக் கூடாது என்றுதானே சொல்லித் தந்தார்கள்?

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். ஜன்னல் பக்கம் ஒரு நீள மேசை இருக்கிறது. ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர், போன் திருத்தும் கடை வைத்திருக்கும் முஸ்லிம் தம்பி ஒருவர், தமிழை நம்மைப் போலவே பேசும் சிங்களத் தாதி ஒருவர், இன்னும் வருவதும் போவதுமாக நாலைந்து பேர் அங்கே உட்காருவார்கள். சங்கமும் இல்லை, சந்தாவும் இல்லை. சிலர் கோயிலுக்குப் போகிறவர்கள், சிலர் போகாதவர்கள். மாதக் கடைசி ஞாயிறு ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துப் பேசுவார்கள். பேச்சில் யாராவது "அது பிழை" என்றால் மற்றவர் கோபப்படாமல் "சரி, எப்படிப் பிழை?" என்று கேட்பதை நான் முதன்முதலில் பார்த்தது இங்கேதான்.

மாஸ்டர்தான் எனக்கு ஆபிரகாம் கோவூரைப் பற்றிச் சொன்னார். 1898இல் கேரளத்தில் பிறந்து, இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்தவர், பிறகு கொழும்பில் இருந்து பேய், செய்வினை, அற்புத சுகம் என்று சொல்லப்பட்டவற்றை எல்லாம் நேரில் போய் ஆராய்ந்தவர். கள்ளமில்லாத சோதனை நிலைமையில் ஒரு அற்புதத்தைச் செய்து காட்டினால் ஒரு இலட்சம் ரூபா தருகிறேன் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும் வரைக்கும் அந்தக் காசை யாராலும் வாங்க முடியவில்லை. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது அந்தச் சவால் இல்லை, அவர் ஒரு பாதிரியாரின் மகன் என்பது. வேதம் வாசித்த வீட்டில் வளர்ந்த ஒருவர் வெளியே வந்து, கெட்டுப்போகாமல், மற்றவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு முழு வாழ்க்கை வாழ முடியும் என்பதற்கு எனக்கு அப்போது ஒரு ஆள் தேவைப்பட்டது.

அடுத்தது மதச்சார்பற்ற மனிதநேயம். தமிழில் 'மனிதநேயம்' என்றால் இரக்கம், உதவி என்ற அளவில் நின்றுவிடுகிறது. இது அதைவிடக் கூடிய ஒரு நிலைப்பாடு: நம்மிடம் இருப்பது இந்த ஒரு வாழ்க்கை, எது சரி எது பிழை என்பதை மனிதரின் துன்பத்தையும் நன்மையையும் பார்த்து, அறிவைப் பாவித்து நாமே யோசித்து முடிவெடுக்க வேண்டும், செய்ததற்கு நாமே பொறுப்பு. உலக மனிதநேய அமைப்புகள் 1952இல் ஆம்ஸ்டர்டாமில் கூடி ஒரு பிரகடனம் எழுதினார்கள், 2022இல் கிளாஸ்கோவில் அதைப் புதுப்பித்தார்கள். நான் சபையை விட்ட அதே வருடம். மாஸ்டர் அதை வரிவரியாக வாசித்துச் சொன்னார். தாங்கள் தவறவே முடியாதவர்கள் என்று அவர்கள் சொல்லவில்லை, தங்கள் கருத்தை எல்லோர் மேலும் திணிக்க விரும்பவில்லை, பார்த்தும் படித்தும் திரும்பத் திரும்ப யோசித்தும்தான் உலகத்தை அறிய முடியும் என்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. திருத்திக்கொள்ளலாம் என்று தன்னைப் பற்றியே சொல்கிற ஒரு பிரகடனத்தை அதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை.

எல்லாம் லேசாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்வார் என்று சபையில் சொல்வார்கள், அதுதான் இரகசிய வருகை. அதில் எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டு நான் மட்டும் விடப்பட்டேன் என்று சின்ன வயதிலிருந்தே ஒரு பயம். எல்லோரும் கொழுந்துக்குப் போய் லயம் அமைதியாக இருந்தாலே ஓடிப்போய் அம்மாவைத் தேடுவேன். நம்பிக்கை போன பிறகும் அந்தப் பயம் இரவில் வந்தது. தாதி அக்காதான் 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்தைத் தந்தார். இரண்டு தடவை எடுத்தேன், உதவியாக இருந்தது. இதைப் படிக்கிற யாருக்காவது அதே பயம் இருந்தால் எடுங்கள்.

2023 தைப்பொங்கலன்று கடையில் எல்லோருக்கும் பொங்கல் கொடுத்தார்கள், காசு இல்லை. அம்மன் படத்துக்கு முன்னால் படைத்ததுதான், நான் பார்த்தேன். வாங்கிச் சாப்பிட்டேன். கஜு குறைவு, வெல்லம் கூட, ஏலம் சரியாக இருந்தது. பீலியில் ஓடிப்போன பொங்கல் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்தப் பெரியம்மா இப்போது உயிரோடு இல்லை. நோன்பு மாதத்தில் போன் கடைத் தம்பி கஞ்சி கொண்டு வருவார், அதையும் குடிக்கிறேன். மனிதநேய தினம் ஜூன் 21, அன்றைக்கு அண்ணன் பாயாசம் வைக்கிறார். அவர் இன்னும் தினமும் விபூதி பூசுகிறவர், எங்கள் கருத்தில் பாதி அவருக்குச் சரிவராது. இருந்தாலும் வைக்கிறார்.

மகளைப் பற்றியும் மேசையில் பேசியிருக்கிறோம். இங்கே சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாயப் பாடம், 'எதுவும் இல்லை' என்று ஒரு பாடம் கிடையாது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் தருகிறது, பாடசாலை நேரசூசி தருவதில்லை. அவள் இப்போதைக்குக் கிறிஸ்தவம் படிக்கிறாள், வீட்டில் எல்லாச் சமயத்தையும் பற்றிக் கேள்வி கேட்கிறாள். அது போதுமா என்று எனக்கு இன்னும் கவலை இருக்கிறது.

போன வருடம் மேசையில் ஆறு பேர் சேர்ந்து சிவனொளிபாதமலை ஏறினோம். 2243 மீற்றர். சிவனின் பாதம், புத்தரின் பாதம், ஆதாமின் பாதம், தோமாவின் பாதம் என்று நாலு விதமாகச் சொல்லப்படும் ஒரு சுவடு. சபையில் இருந்தவரைக்கும் எனக்கு அந்தப் பக்கம் போகவே தடை. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவருக்கொருவர் "கருணாவை" என்று சொல்லிக்கொள்கிறார்கள், கருணை உண்டாகட்டும் என்ற அர்த்தத்தில். விடியும்போது மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே விழுந்ததைப் பார்த்தேன். ஜெபம் பண்ணத் தோன்றவில்லை. பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவுக்கு என் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலையெல்லாம் சரிந்தபோது இந்தக் கடை பார்சல் கட்டும் இடமாக மாறியது. ரயில் பாதை உடைந்து, பல பாதைகள் மூடி, மாவுக்கும் மரக்கறிக்கும் தட்டுப்பாடு. அண்ணன் இருந்ததை எல்லாம் போட்டுச் சமைத்தார், நாங்கள் கட்டினோம். இது தேவகோபம் என்று பிரசங்கம் நடந்ததாக அம்மா வந்து சொன்னார். செங்குத்தான சரிவில் நூறு வருடத்துக்கு முன் கட்டிய லயத்தில் இன்னும் மக்கள் இருக்கிறார்கள், அளவில்லாமல் மழை பெய்தது, மண் ஊறி இறங்கியது என்று நான் சொன்னேன். கோபம் என்று சொல்லிவிட்டால் அடுத்த மழைக்கு முன் அந்த மக்களுக்கு வேறு காணி கேட்க வேண்டும் என்ற எண்ணமே வராது. அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் பார்சல் கட்ட வந்தார்.

கடையின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இதுதான்: சிலர் வந்து, கடவுள் இல்லை என்கிறவர்களை ஏன் உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். "அவங்க சாப்பிட வாறாங்க, நான் சாப்பாடு குடுக்குறேன்" என்றாராம். இருந்தாலும் பிழைப்பு நடத்துகிற மனிதர், வம்பு வேண்டாம் என்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். படி மிகவும் செங்குத்து, மழையில் வழுக்கும், கைபிடி ஒரு பக்கம்தான். பெண்களுக்குத் தனிக் கழிவறை இல்லை, இருக்கிற ஒன்றின் சாவியைக் கேட்டு வாங்க வேண்டும். மூன்று தடவை சொல்லிவிட்டேன், இன்னும் செய்யவில்லை. மரக்கறிக்கும் மீனுக்கும் ஒரே கரண்டி ஓடுவதைக் கவனித்திருக்கிறேன். கார்ட் எடுக்க மாட்டார்கள். டிசம்பரில் வரும் உந்துவப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன், இரவு பகலாக யாத்திரைக் கூட்டம், ரொட்டி ஆறியதாகத்தான் கிடைக்கும். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை நட்சத்திரம் கழிவறைக்காகக் குறைக்கிறேன், கட்டினால் திருத்தி எழுதுவேன்.

இந்தத் தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அம்மா வெள்ளைச் சேலையோடு நேரே கடைக்கு வந்தார். அம்மா இன்னும் சபையில்தான் இருக்கிறார், விடச் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணன் ரொட்டி கொண்டுவந்து வைத்தார். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே, "இது படைச்சதா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லம்மா, சுட்டது" என்றார் அண்ணன்.

அம்மா இரண்டு சாப்பிட்டார், பரிப்பும் கேட்டு வாங்கினார். ஜன்னல் பக்கத்து மேசை வேண்டுமென்றால் ஞாயிறு எட்டரைக்கு முன் போங்கள்.