தருமபுரி தண்ணீரில் ஜாவா ஃபெர்ன்: வாங்கலாமா?

மீன் தொட்டியில் வளர்க்கும் இந்த நீர்ச்செடியைத் தாராளமாக வாங்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். மென்மையான தண்ணீர் கேட்கும் செடிகள் அதில் தேறுவதில்லை. ஜாவா ஃபெர்ன் தாக்குப்பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரோ உர மண்ணோ தேவையில்லை, சாதாரண எல்இடி விளக்கு தினம் 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். இலை தடிப்பாக இருப்பதால் தங்கமீன்கூட பெரும்பாலும் சீண்டாது.

கோளாறு, அதை விற்கும் விதத்தில் இருக்கிறது. சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் பஞ்சு அடைத்துத் தருகிறார்கள். வாங்குபவர் அதை அப்படியே மணலில் புதைத்துவிடுகிறார். இலைகள் கிளம்பும் அந்தப் படுக்கைத் தண்டு மண்ணுக்குள் போனால் கறுத்து, கொழகொழவென அழுகும். இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதக்கும். செடி செத்ததற்குத் தண்ணீரைக் குறை சொல்வது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

வாங்கும்போதே தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, பச்சையாக இருக்க வேண்டும். இலையின் அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் நோய் என்று ஒதுக்காதீர்கள், அவை வித்துப் பைகள். வீட்டுக்கு வந்ததும் பஞ்சு முழுவதையும் பிய்த்தெடுத்து, கறுப்புப் பருத்தி நூலால் தண்டைக் கல்லோடு கட்டுங்கள். கல்லுக்கு நம் ஊரில் பஞ்சமா? கிரானைட் துண்டு மிகப் பொருத்தம்; தண்ணீரின் தன்மையை மாற்றாது. கூர் முனையை மட்டும் தேய்த்துவிடுங்கள். வேர் கல்லைப் பிடிக்க ஓரிரு மாதம் ஆகும். நூலுக்குப் பதில் ஜெல் பசை (கெட்டியான சூப்பர் குளூ) என்றால் இரண்டு மூன்று சொட்டு போதும், தண்டு முழுக்கப் பூச வேண்டாம்.

முதல் சில வாரங்களில் பழைய இலைகள் கண்ணாடிபோல் மெலிந்து பழுப்பாகும். நர்சரியில் தண்ணீருக்கு வெளியே வளர்ந்த இலைகள் அவை. தண்டு கெட்டியாக இருக்கும்வரை செடியைத் தூக்கி எறியாதீர்கள், புது இலை வரும்.

பழைய இலைகளில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்தால் பொட்டாசியம் குறைவாக இருக்கலாம். சொட்டுநீர்ப் பாசனத்துக்கென உரக்கடையில் விற்கும் 0-0-50 பொட்டாசியம் சல்பேட்டை 50 லிட்டர் தொட்டிக்கு 1 கிராம் கரைத்துவிட்டால், லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம் பொட்டாசியம் சேரும். தண்ணீர் மாற்றிய பிறகு இடுவது நல்லது.

கோடைதான் உண்மையான சோதனை. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நின்றால் வளர்ச்சி மந்தமாகும். மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின்மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவை போர் தண்ணீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், ஆகவே ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவது தனி வேலை. அதற்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் சரிதான், குளோரின் நீக்கும் மருந்து கலந்த பிறகு.

இலை நுனியில் குட்டிச் செடி முளைத்தால் உடனே பிய்க்க வேண்டாம். நாலைந்து இலையும் வேரும் வந்த பின் மெல்ல இழுத்தாலே கையோடு வரும். அதை அடுத்த கல்லில் கட்டலாம்.