ட்ரைபன் ஆர்சி 520 ரிவ்யூ: பத்து கிலோ வண்டில ஈசிஆர் ரேஸ்

டெகாத்லானோட ட்ரைபன் ஆர்சி 520 ரோடு சைக்கிள் பத்தி எங்க ரைட் குரூப்ல ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தாங்க, பொங்கல் முடிஞ்ச கையோட ஈசிஆர்ல நடந்த அமெச்சூர் ரோடு ரேஸ்ல இந்த வண்டில ஃபர்ஸ்ட் வந்ததுக்கு அப்புறம் "அண்ணா அந்த சைக்கிள் வாங்கலாமா"ன்னு தினமும் மெசேஜ் வருது. வாங்கலாம், தாராளமா வாங்கலாம். ஆனா அந்த ஜெயிப்புல வண்டியோட பங்கு எவ்ளோ, கூட ஓட்டுன நாலு பேரோட பங்கு எவ்ளோன்னு பிரிச்சு சொல்லாம விட்டா இந்த ரிவ்யூவ நம்பி காசு போடுறவங்களுக்கு நான் பண்ற துரோகம் அது, அதனால ரெண்டையும் சேத்தே எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல வண்டி. நான் செகண்ட் ஹேண்ட்லதான் வாங்குனேன். அலுமினியம் ஃப்ரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ 105 ஆர்7000 ஷிஃப்டர், பின்னாடி 11 ஸ்பீடு, முன்னாடி ரெண்டு பல்சக்கரம் 50-34 பல்லு, பின்னாடி பல்சக்கர அடுக்கு (கேசட்) 11-32 பல்லு. பிரேக் டிஆர்பி ஹைரோடு, அதாவது லீவர்ல இருந்து கேபிள்தான் வரும், சக்கரத்துக்கிட்ட டிஸ்க்கப் பிடிக்கற காலிப்பருக்குள்ள மட்டும் ஆயில் இருக்கும். டயர் 28 எம்எம். எடை பத்து கிலோவுக்கு மேல, பெடலு பாட்டில் கேஜ் எல்லாம் மாட்டுனா இன்னும் கூடும். புரொஃபஷனல் ரேஸ்ல உலக சைக்கிள் அமைப்பான யுசிஐ வச்சிருக்குற குறைஞ்சபட்ச எடை 6.8 கிலோ, பெரிய டீமுங்க எல்லாம் அதுக்குப் பக்கத்துலதான் ஓட்டுறாங்க. எங்க ஸ்டார்ட் லைன்ல நின்ன வண்டிகள்ல பாதிக்கு மேல கார்பன், ஆழமான ரிம்மு, கேபிளே வெளிய தெரியாத ஹேண்டில்பார். பாக்கறப்ப வயிறு கலக்கத்தான் செய்யும்.

ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. ஈசிஆர் மாதிரி சமதளத்துல மூணு கிலோ எக்ஸ்ட்ரா எடைக்கு, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல, டயர் உருள்றதுக்குக் கூடுதலா வேண்டியது ரெண்டு வாட் கூட வராது. கடைசில முழு வேகத்துல பாயுற ஸ்பிரிண்ட் அடிக்கறப்ப 40ல இருந்து 50க்கு பத்து செகண்ட்ல ஏத்துனீங்கன்னா அந்த மூணு கிலோவுக்காக செலவாகுறது சராசரியா பத்து வாட் மாதிரி. அதே 40 கிலோமீட்டர் வேகத்துல ஒருத்தர் பின்னாடி ஒட்டி உக்காந்தா மிச்சமாகுறது எங்க மாதிரி ஆளுங்களுக்கு நூறு வாட்டுக்குப் பக்கம். அந்த வேகத்துல நம்மள இழுத்துப் புடிக்கறது பெரும்பாலும் காத்துதான். 2018ல பெர்ட் ப்ளாக்கன்னு நெதர்லாந்து ஐன்டோவன் யுனிவர்சிட்டி பேராசிரியரோட டீம் 121 பேர் இருக்குற ஒரு பெலோட்டான, அதாவது ரேஸ்ல ஒட்டி ஓட்டுற கூட்டத்த, வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, கூட்டத்தோட நடு-பின் பகுதில இருக்குறவருக்கு தனியா ஓட்டுறவரோட காத்து எதிர்ப்புல 5ல இருந்து 10 சதவீதம்தான் இருக்குன்னு வந்துச்சு. நம்ம ஊர் ரேஸ்ல அவ்ளோ பெரிய கூட்டம் எங்க இருக்கு, இருந்தாலும் விஷயம் புரியுதுல்ல. நாலு லட்ச ரூபா வண்டி குடுக்காதத முன்னாடி ஓட்டுற ஒரு ஃப்ரெண்டோட முதுகு குடுக்கும்.

சரி ரேஸ் எப்டி போச்சுன்னு சொல்றேன். மகாபலிபுரம் தாண்டி தெக்க போய் யூ டர்ன் அடிச்சுத் திரும்பி வரணும். அந்த சீசன்ல வடகிழக்குக் காத்து, போறப்ப முதுகுல தள்ளும், எல்லாருமே ஹீரோதான். திரும்பறப்பதான் வேலையே, முன்னாடியும் வலது பக்கத்துல கடல்ல இருந்தும் சேந்து அடிக்கும். அந்த மாதிரி காத்துல நேர் பின்னாடி ஒளிஞ்சா பத்தாது, முன்னாடி போறவருக்குக் கொஞ்சம் இடது பக்கமா தள்ளி நிக்கணும், அப்டியே ஒவ்வொருத்தரா சாய்வா வரிசை கட்டுனா ரோடோட இடது ஓரம் வந்துரும், அதுக்கு மேல வர்றவனுக்கு காத்துல இருந்து ஒதுங்க நெழலே கெடையாது. எங்க கேப்டன் அண்ணன் யூ டர்ன் முடிஞ்ச உடனே செஞ்சது இதுதான், எங்க அஞ்சு பேரையும் முன்னாடி கூட்டிட்டு வந்து ரோட்டுல வலது பக்கமா புடிச்சு அஞ்சாறு பேருக்கு மட்டும் எடம் விட்டு வேகத்த ஏத்துனாரு. பின்னாடி ஓரத்துல தொங்குனவங்க ஒவ்வொருத்தரா அறுந்து பின்தங்குனாங்க, நல்ல ஸ்ட்ராங்கான பசங்க கூட. கடைசில முன்னாடி குரூப்ல ஒரு பத்து பேர் மிஞ்சுனோம்.

அதுக்கப்புறம் என்னைப் பாத்துக்கிட்டாங்கன்னுதான் சொல்லணும். எங்க டீம்ல ஸ்பிரிண்ட் எனக்குத்தான் கொஞ்சம் வரும்னு மொத நாள் ராத்திரியே பேசி முடிச்சாச்சு, அதனால "நீ முன்னாடி வராத, வந்தா திட்டுவேன்"னு அண்ணன் சொல்லிட்டாரு. ஐடில வேல பாக்குற தம்பி ஒருத்தன், வயசு இருபத்தி சொச்சம், எதிர் டீம் ஆளு திடீர்னு வேகமெடுத்து அட்டாக் அடிக்கறப்ப எல்லாம் தனியா போய்ப் புடிச்சுப் புடிச்சு இழுத்துட்டு வந்தான், கடைசி அட்டாக்குக்கு அப்புறம் திரும்பி என்னப் பாத்து தலைய மட்டும் ஆட்டிட்டு பின்னாடி போய்ட்டான், அவன் ஜெர்சி முதுகுல வேர்வ காஞ்சு உப்பு வெள்ள வெள்ளையா கோடு போட்டிருந்துச்சு. என் பாட்டில் காலியானப்ப இன்னொருத்தர் தன் பாட்டிலக் கழட்டிக் குடுத்தாரு, அதுல பாதிதான் இருந்துச்சு, அவருக்குன்னு வச்சிருந்தது. அவர் கடைசில பத்தாவதா வந்தாரு. ரிசல்ட் ஷீட்ல இதெல்லாம் எங்க வரும்?

கடைசி கிலோமீட்டருக்கு லீட் அவுட், அதாவது ஸ்பிரிண்ட் அடிக்கறவனுக்கு முன்னாடி காத்த மறைச்சு இழுத்துட்டுப் போற வேல, எங்க பிடி சார். ஸ்கூல்ல டிரில் வாங்குற மனுஷன், நாப்பதத் தாண்டியாச்சு, அவர் முழங்கை ரெண்டும் உள்ள மடங்கி தலை கீழ போச்சுன்னா அதுதான் எனக்கு சிக்னல், அவர் பின் சக்கரத்துக்கும் என் முன் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு ஜாண் கூட இல்ல. எதிர்காத்துல சீக்கிரமா ஸ்பிரிண்ட் ஆரம்பிச்சா செத்தோம், அதனால 150 மீட்டர் வரைக்கும் என்ன வெளிய விடக்கூடாதுன்னு அவரே இழுத்தாரு. 2009 டூர் டி பிரான்ஸ் கடைசி நாள் பாரிஸ்ல மார்க் ரென்ஷா தன் டீம் ஸ்பிரிண்டர் கவெண்டிஷ எப்டிக் கொண்டு வந்து விட்டாருன்னு பாத்தவங்களுக்குத் தெரியும், லீட் அவுட் குடுத்த ரென்ஷாவே செகண்ட் வந்தாரு, அவ்ளோ கேப். எங்களுக்கு அவ்ளோ கேப் எல்லாம் இல்ல, அரை சக்கர வித்தியாசம், ஆனா சார் மட்டும் ஒரு அம்பது மீட்டர் முன்னாடி ஒதுங்கியிருந்தா நான் அஞ்சாவதுக்குக் கூட வந்திருக்க மாட்டேன். பரிசுப் பணத்த அஞ்சா பிரிச்சுட்டோம், கப்பு சார் வீட்டுல இருக்கு.

இப்ப வண்டி இதுல என்ன பண்ணுச்சுன்னு கேளுங்க. கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சு ஓட்டணும்னா பிரேக் மேல நம்பிக்க வேணும், ஒரு ஜாண் கேப்ல ஓட்டறப்ப பட்டுன்னு பிடிக்காம மெதுவா வேகத்த உரசிக் கொறைக்க முடியணும். ஹைரோடு அதுல சூப்பர், முழு ஹைட்ராலிக் அளவுக்கு லீவர் லேசா இருக்காது, ஆனா எவ்ளோ அமுக்குறோமோ அவ்ளோதான் பிடிக்கும். பிரேக் பேடு தேயத் தேய காலிப்பர் தானாவே அட்ஜஸ்ட் பண்ணிக்கும், அதுவும் நிம்மதி. கியர் பத்தலன்னு பயப்படாதீங்க, 50-11ல நிமிஷத்துக்கு 100 சுத்து மிதிச்சா 57-58 கிலோமீட்டர் வேகம் வரும், நம்மள்ல எத்தன பேரு எதிர்காத்துல அதத் தாண்டப் போறோம். 105 ஷிஃப்டிங் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல, கை வைக்கறதுக்குள்ள கியர் விழும்.

நான் மாத்துனது ரெண்டுதான். டயர் காண்டினென்டல் ஜிபி5000 போட்டேன், வண்டியோட வர்ற டயர் பஞ்சர் தாங்குறதுக்காக செஞ்சது, ஆஃபீஸ் போக அருமை, ரேஸுக்கு கனம். செலவு பண்றதுன்னா மொத காசு டயருக்குப் போடுங்க, சக்கரத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம். ரெண்டாவது உக்கார்ற பொசிஷன். இது நாள் முழுக்க ஓட்டறதுக்குன்னு டிசைன் பண்ண வண்டி, நெஞ்சு நிமிந்து இருக்கும், காத்துக்குப் பெரிய கதவு தொறந்து விட்ட மாதிரி. ஹேண்டில்பாருக்குக் கீழ இருக்குற ஸ்பேசர் வளையத்த எல்லாம் எடுத்து, ஹேண்டில்பாரப் பிடிக்கற ஸ்டெம்ம கவுத்துப் போட்டேன், நல்லாவே எறங்குச்சு. இடுப்பு வலி இருக்குறவங்க கொஞ்சம் கொஞ்சமா எறக்குங்க, ஒரே நாள்ல வேண்டாம்.

எங்க ஒத்து வராதுன்னா மலை. ஏற்காடு, கொல்லிமலை மாதிரி ஏத்தத்துல ஓட்டி ரசிக்கறதுக்கு 34-32 கியர் வரப்பிரசாதம், கொல்லிமலையோட எழுபது கொண்டை ஊசி வளைவும் உக்காந்தே ஏறிரலாம். ஆனா மலை ரேஸ்ல ஜெயிக்கணும்னா அந்த மூணு கிலோ நெஜமாவே வலிக்கும், அங்க வேகம் கம்மி, காத்தோட பங்கு கம்மி, முன்னாடி போறவர் முதுகும் அவ்ளோவா உதவாது. மலை ரேஸ்தான் உங்க கனவுன்னா எடை கம்மியான வண்டிக்குக் காசு சேருங்க, நான் தடுக்க மாட்டேன்.

மத்தபடி மொத ரேஸ் வண்டி தேடுறவங்க, கார்பனுக்கு லோன் போடலாமான்னு யோசிக்குறவங்க, இத எடுத்துட்டு மிச்சக் காசுல நல்ல ஷூ, நல்ல ஹெல்மெட் வாங்கிட்டு ஞாயித்துக்கிழம காலைல ஏதாவது ஒரு குரூப்போட ஒட்டிப் பழகுங்க. சக்கரத்துக்குப் பின்னாடி பயமில்லாம உக்கார்றதும், முன்னாடி போய் இழுக்க நம்ம டர்ன் வர்றப்ப வேகத்தத் தூக்காம இழுக்குறதும் தனியா ஓட்டி வராது. செகண்ட் ஹேண்ட்ல பாக்கறவங்க செயின் தேஞ்சிருக்கான்னு அத அளக்குற கருவி வச்சுப் பாருங்க, முன் பிரேக்கப் பிடிச்சுட்டு வண்டிய முன்னும் பின்னும் ஆட்டி ஹெட்செட்ல, அதாவது ஹேண்டில் திரும்புற பேரிங்ல, லூஸ் இருக்கான்னு பாருங்க, ஹைரோடு காலிப்பர் ஓரத்துல ஆயில் கசிவு தெரிஞ்சா வெலையக் கொறைங்க, இல்லன்னா அந்த வண்டிய விட்டுருங்க.