காடைத் தீனுக்கு மூலிகைத் தூள்: மூன்று பக்கெற் முடித்த பிறகு

யாழ்ப்பாணத்து இணுவிலில் வீட்டுக் கோடிக்குள் அறுபது பெட்டைக் காடை வளர்க்கிறேன். போன ஐப்பசியில் கழிச்சல் வந்து, மிருக வைத்தியர் தந்த அன்ரிபயோட்டிக்கைத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். காடைகள் தேறிவிட்டன. ஆனால் மருந்து கொடுத்த நாளும், அதற்குப் பிறகு அவர் சொன்ன நாளும் முட்டை விற்கக் கூடாது. தினமும் முப்பது முட்டையைக் குழி வெட்டித் தாட்டேன். அந்த எரிச்சலில் வாங்கியதுதான் இந்தத் தூள்.

அரைக் கிலோ 1,450 ரூபாய். தீன் கிலோவுக்கு 5 கிராம் போடச் சொல்லியிருக்கிறது. ஒரு காடை நாளுக்கு 25 கிராம் தின்றால் அறுபதுக்கும் ஒன்றரைக் கிலோ. ஆக, ஒரு பக்கெற் இரண்டு மாதம் தாண்டி வரும்.

முதல் வாரம் வீண். காடை தின்பதைவிடச் சொண்டால் விசிறுவதுதான் கூட. குறுணியைப் பொறுக்கிவிட, தூள் முழுக்கத் தொட்டி அடியில் மஞ்சளாகப் படிந்து கிடந்தது. அப்புறம் ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுப் பிசறிப் பார்த்தேன். தொட்டி துப்புரவாகக் காலி. இதைப் பக்கெற்றில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

எச்சம் இறுகியிருக்கிறது, கூட்டு நெடியும் குறைவு. முட்டை முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தெட்டுக்கு ஏறியது. ஆனால் அதே மாதம்தான் பல்ப் போட்டு வெளிச்சத்தை 16 மணித்தியாலம் ஆக்கினேன், ஆகவே அந்தப் பத்தையும் தூளின் கணக்கில் எழுத மாட்டேன். அவித்த முட்டை உள்ளி மணக்குது என்கிறாள் மகள். எனக்கு மணக்கவில்லை.

மஞ்சள், உள்ளி, கருஞ்சீரகம், வேம்பு என்று பெயர்கள் இருக்கின்றன. எது எவ்வளவு என்று இல்லை. அதைவிடக் கோபம் 'சகல நோய்க்கும்' என்ற வரியில். சித்திரையில் மூன்று காடை சிறகைத் தொங்கப்போட்டுக் குந்தியபோது, அதை நம்பி இரண்டு நாள் தூளைக் கூட்டிப் போட்டேன். இரண்டு செத்துப்போயின.

"இரத்தக் கழிச்சல் அக்கா, ஏன் பிந்தினீங்கள்?" என்றார் வைத்தியர். வளர்ச்சிக்காகத் தீனில் அன்ரிபயோட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றாக நிறுத்தியதாம். அப்படித் தினமும் போடுகிற மருந்தின் இடத்துக்குத்தான் இந்த மூலிகைகள், வந்த நோய்க்கு இல்லை என்றார். சரி, மறுபடி மருந்து, மறுபடி குழி.

நாலாவது பக்கெற்றும் வாங்கிவிட்டேன். இப்போது 1,600.