விஆர்எஃப், எச்எஸ்ஆர்பி: சில வருடம் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் தொழிற்சாலை நெட்வொர்க்கின் மையத்தில் இருக்கும் கோர் சுவிட்ச் இரண்டும் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9500. அவற்றுக்குள் ஐந்து விஆர்எஃப் (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி ரவுட்டிங் டேபிள், அதாவது வழிப்பட்டியல்): அலுவலகம், சிசிடிவி, விருந்தினர் வைஃபை ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, இயந்திரங்களுக்கு இரண்டு. எல்லா விலானுக்கும் (சுவிட்சில் பிரித்த தனி நெட்வொர்க்) கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், எச்எஸ்ஆர்பியில்: ஒரு கோர் ஆக்டிவாக வேலை செய்யும், மற்றது ஸ்டாண்ட்பையாகக் காத்திருக்கும். இந்த அமைப்போடு சில வருடம் குடித்தனம் நடத்தியாயிற்று.

விஆர்எஃப் வைத்ததற்கான காரணம் கோப்பில் ‘பாதுகாப்பு’ என்றுதான் இருக்கும். உண்மையில் இழுத்துவிட்டது இயந்திரங்கள். இரண்டு உற்பத்தி லைனும் ஒரே 192.168.1.0 முகவரியோடு வந்து இறங்கின. மாற்றினால் வாரன்டி போய்விடும் என்றார்கள். ஒரே சுவிட்சுக்குள் ஆளுக்கொரு ரவுட்டிங் டேபிள் கொடுத்ததும் சண்டை முடிந்தது. வெளியே போகும்போது ஃபயர்வாலில் நாட் (முகவரி மாற்றம்) செய்து முகவரியைப் பிரிக்கிறோம். இன்னொரு லாபமும் உண்டு. ஏசிஎல்லில் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிப்பட்டியல்) ஒரு தடை வரி விட்டுப்போனால் கதவு திறந்துகொள்ளும். விஆர்எஃப்பில் ஒரு ரூட் விட்டுப்போனால் கதவு மூடியே இருக்கும். எனக்கு இரண்டாவது வகைத் தவறுதான் பிடிக்கும், போன் வந்தாலும் பரவாயில்லை.

போன் வரத்தான் செய்கிறது. “சார், பிரிண்டருக்கு பிங்கே போகல.” “விஆர்எஃப் பேர் போட்டீங்களா?” சிறிது மௌனம். “போகுது சார்.” பெயர் போடாவிட்டால் சுவிட்ச் தன் பொது டேபிளில் தேடிவிட்டுக் கையை விரிக்கும். என்டிபி (நேரம்), சிஸ்லாக் (லாக் அனுப்புவது), டக்காக்ஸ் (லாகின் சரிபார்ப்பு) எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எந்த டேபிள் வழியாகப் போக வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இன்டர்ஃபேஸை விஆர்எஃப்புக்குள் தள்ளினால் அதன் ஐபி முகவரி அழிந்துவிடும் என்பதையும் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. அந்த இன்டர்ஃபேஸ் வழியாகவே லாகின் ஆகியிருந்தால் கன்சோல் கேபிளோடு நடக்க வேண்டியதுதான்.

எச்எஸ்ஆர்பி பற்றிப் பெரிய புகார் இல்லை. பதிப்பு 2-ஐப் போட்டுக்கொள்ளுங்கள். பதிப்பு 1-இல் குரூப் எண் 255-ஓடு நின்றுவிடும். 2-இல் 4095 வரை போகும் என்பதால் விலான் எண்ணையே குரூப் எண்ணாக வைக்கலாம். நள்ளிரவில் லாக் படிக்கும்போது அதன் அருமை தெரியும். டைமரை நாங்கள் தொடவில்லை: 3 விநாடிக்கு ஒரு ஹலோ (உயிரோடு இருக்கிறேன் என்ற செய்தி), அது வராவிட்டால் 10 விநாடி பொறுமை. மில்லிசெகண்டில் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. சிபியு கொஞ்சம் திணறினாலே ஆக்டிவும் ஸ்டாண்ட்பையும் பந்தாட ஆரம்பித்துவிடும்; நமக்கு வேண்டாம்.

ப்ரியெம்ப்ட் (பிரையாரிட்டி அதிகமுள்ள சுவிட்ச் ஆக்டிவ் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் வசதி) மட்டும் கவனம். ரீபூட் ஆகி எழும் சுவிட்ச் உடனே ஆக்டிவ் பொறுப்பைப் பிடுங்கிக்கொள்ளும், ஆனால் ஓஎஸ்பிஎஃப் (வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை) அண்டை உறவுகள் அதற்குள் கூடியிருக்காது. கேட்வே இருக்கும், வெளியே வழி இருக்காது. ப்ரியெம்ப்ட் டிலே 180 விநாடி வைத்த பிறகு மெயின்டனன்ஸ் நாட்கள் அமைதியாகிவிட்டன. அப்லிங்க் டிராக்கிங் (மேலே போகும் இணைப்பு விழுந்தால் பிரையாரிட்டியைக் குறைப்பது) போடும்போது பிரையாரிட்டி 110-லிருந்து தானாகக் குறைவது 10 மட்டுமே. எதிர்ப்பக்கத்து 100-ஓடு சமமாகி நின்றுவிடும். 20 என்று கைப்படக் கொடுங்கள், ஸ்டாண்ட்பையிலும் ப்ரியெம்ப்ட் இருக்கட்டும்.

அதிகம் தலைவலி கொடுத்தது வேறு. முதலில் அமைத்துக் கொடுத்த ஒப்பந்த நிறுவனம் சுமையைப் பங்கிடுகிறோம் என்று ஒற்றைப்படை விலான்களை முதல் கோரிலும் இரட்டைப்படையை இரண்டாவதிலும் ஆக்டிவாக வைத்திருந்தது. கேமரா விலான் இரட்டைப்படை, ரெக்கார்டர் விலான் ஒற்றைப்படை. கேமரா வீடியோ இரண்டாவது கோர் வழியாக ரெக்கார்டருக்குப் போகும். ரெக்கார்டரின் பதில் முதல் கோருக்குப் போகும். இரண்டாவது கோர் ரெக்கார்டரின் முகத்தையே பார்ப்பதில்லை. மேக் டேபிள் (எந்த மேக் முகவரி எந்த போர்ட்டில்) 300 விநாடியில் அதை மறந்துவிடும், ஏஆர்பி டேபிளோ (எந்த ஐபிக்கு எந்த மேக்) 4 மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். விளைவு, மேக் முகவரி தெரியும், அது எந்த போர்ட்டில் என்று தெரியாது. வீடியோ மொத்தமும் அந்த விலான் போகும் எல்லா போர்ட்டிலும் கொட்டும். ரெக்கார்டரோடு சம்பந்தமே இல்லாத ஸ்விட்சின் அப்லிங்க் நிறைந்து வழிந்தது இதனால்தான். ஏஆர்பி டைம்அவுட்டை 270 விநாடியாக்கியதும், மேக் மறப்பதற்குள் ஏஆர்பி மறுபடி கேட்டுவிடுவதால், நின்றது. அப்புறம் சிசிடிவி விஆர்எஃப்பின் எல்லா விலான்களையும் ஒரே கோரில் ஆக்டிவாக்கி, ஸ்பேனிங் ட்ரீ (லூப் தடுக்கும் நெறிமுறை) ரூட்டையும் அங்கேயே வைத்துவிட்டோம். இந்த ஒற்றை இரட்டைப் பங்கீட்டில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. 

இரண்டு கோரும் வேறு வேறு தயாரிப்பாக இருந்தால் எச்எஸ்ஆர்பி ஒத்துவராது, அதே வேலையைச் செய்யும் பொதுத் தரமான விஆர்ஆர்பிக்குப் போங்கள். அதில் ப்ரியெம்ப்ட் தானாகவே இயங்கும், குரூப் எண் 255-ஐத் தாண்டாது.

ஆறாவது விஆர்எஃப் கேட்டு வந்திருக்கிறார்கள். இரண்டு கோருக்கும் நடுவே இன்னொரு விலான், இன்னொரு ஓஎஸ்பிஎஃப் பிராசஸ், ஃபயர்வாலுக்கு இன்னொரு இணைப்பு. இந்த அளவுக்குக் கையால் செய்யலாம். பத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் இப்போதே ஈவிபிஎன் (இப்படிப் பல தனி நெட்வொர்க்குகளை ஒரே அமைப்பில் நடத்தும் முறை) பக்கம் பார்ப்பேன்.